அஞ்சாவது பேரு

சாயுங்க சார், பரவால்ல. இந்த ஊர்ல அத்தினி பேரும் இந்தக் கல்லுமேலதான் சாயறானுங்க. குடியாத்தம் பஸ்ஸுக்கு நிக்கிறவன் முதுகு சொறிஞ்சிக்கிறான். காலேஜு போற பசங்க பைய மாட்டி வெக்குதுங்க. போன எலெக்‌ஷன்ல ரெண்டு கட்சிக்காரனும் இதுமேலயே நோட்டீஸ் ஒட்டினான். நான்தான் தண்ணி ஊத்திச் சொரண்டினேன். உயிர விட்டவங்க பேரு இருக்கற கல்லுடான்னா, ஒருத்தன் கேக்கறான், "எந்த ஆக்சிடெண்டு தாத்தா?"ன்னு. இவன்லாம் நாளைக்கு ஓட்டுப் போட்டு நாட்டைக் காப்பாத்தப் போறான்.

படம் எடுக்கறதா இருந்தா எடுங்க. ஆனா கடைசிப் பேரு வர்ற மாதிரி எடுங்க. அஞ்சாவது. சுபேதார் பரசுராமன். எங்க தாத்தா.

பஸ்ஸு இப்ப வராது. குந்துங்க. நீங்க எழுதறவரு மாதிரி இருக்கீங்க, விஷயத்தைத் தப்பா எழுதிடக்கூடாது. போன வருஷம் ஒருத்தன் வந்து யாரோ டீக்கடையில சொன்னதை எழுதிக்கினு போயிட்டான். நான் சொல்றதைக் கேளுங்க. நான் தணிகாசலம். கரண்ட் ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். இந்தச் சாத்தமேட்டுல மொத ஊடு கட்டினதே எங்க வம்சம். அதுக்கு ஒரு கல்லு வெக்கணும்னா அதுவும் வெக்கலாம். அது அப்புறம்.

வெள்ளைக்காரன் வெச்ச கல்லு வேற சார். சின்ன மார்பிள் பலகை. அங்க, இப்ப ரோடு போகுது பாருங்க, அங்கதான் பழைய சாவடி இருந்துச்சு. அதோட செவுத்துல பதிச்சிருந்தான். இங்கிலீஷ்ல. இந்தக் கிராமத்துலேர்ந்து நாப்பத்திரண்டு பேரு மகா யுத்தத்துக்குப் போனாங்க, அதுல அஞ்சு பேரு உயிர விட்டாங்கன்னு. அவ்வளவுதான். ஒருத்தன் பேரும் கிடையாது. ஆடு எண்ணிப் பட்டியில வுடற மாதிரி எண்ணிட்டுப் போயிட்டான்.

ரோடு அகலம் பண்றேன்னு வந்து சாவடிய இடிச்சானுங்க. இடிச்சவன் அந்தப் பலகைய இன்னா பண்ணான் தெரியுமா? டீக்கடை வாசல்ல சேறா இருக்குதுன்னு மிதிகல்லா போட்டுட்டான். ஊரே அதை மிதிச்சிக்கினு போயி டீ குடிச்சிது. ஒருத்தனுக்கும் கூசல. நான்தான் பாத்தேன். நான்தான் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல போயி குந்தினேன்.

பஞ்சாயத்துத் தலைவரு மலர்க்கொடின்னு ஒரு அம்மா. பேருக்குத்தான் தலைவரு. அவ புருசன் கோதண்டம்தான் எல்லாம். அந்தம்மா கையெழுத்துப் போடும், இவன் அது எதுக்குன்னு சொல்லுவான், சில சமயம் சொல்ல மாட்டான். அவனுக்கு ஒரு விழா வேணும், வாசல்ல பேனரு வேணும். நான் சொன்னேன், புதுசா கல்லு வெப்போம், அந்த அஞ்சு பேரு பேரையும் பொறிப்போம்னு. உடனே புடிச்சிக்கினான். கமிட்டின்னு ஒண்ணு போட்டான். சுபேதார் ஊட்டு ஆளுன்னு என்னைத் தலைவரா வெச்சான்.

தண்டோரா போட்டதுதான் தாமதம், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு தியாகி மொளைச்சிட்டான். மேலத்தெருக்காரன் ஒருத்தன் போட்டோ கொண்டாந்தான், காக்கிச் சட்டை, தொப்பி எல்லாம் இருக்குது. தோள்ல பையப் பாத்தா தபால்காரன். இன்னொருத்தன் எங்க பெரிய தாத்தா சண்டையில செத்தாருன்னான். எந்த சண்டைடான்னா, வரப்புத் தகராறாம். பங்காளி வெட்டிட்டானாம். அதுவும் சண்டைதானேன்னு எங்கிட்டயே கேக்கறான். இவனுங்க மத்தியில குந்திக்கினு நான் தியாகத்தைப் பொறுக்கணும். அரிசியில கல்லு பொறுக்கறது தேவலாம்.

நாலு பேரு ஒரு வழியா முடிவாச்சு. கோதண்டத்தோட முப்பாட்டன் ஒருத்தரு. அவரு நிஜமா போனாரா, போயி செத்தாரான்னு நான் கேக்கல. கல்லு வெக்கறவன் அவன்தானே. மத்த மூணு பேருக்கும் ஏதோ ஊர்ல பேச்சு இருந்துச்சு, போனான், வரலைன்னு. அஞ்சாவது எங்க தாத்தா. அதுல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. ஈராக் பக்கம், பஸ்ராவுல உயிர விட்டவரு.

அங்கதான் அந்த எஸ்தர் வந்தா.

காலனிக்காரி. ரயில்வேயில டிக்கெட் செக் பண்ற வேலை. கறுப்புக் கோட்டு மாட்டிக்கினா ஊர்ல யாரையும் அடையாளம் தெரியாது அவளுக்கு. ஒருதரம் காட்பாடியிலேர்ந்து வரேன், அவசரத்துல டிக்கெட் எடுக்கல. இவதான் வரா. ஊர்ப் பொண்ணாச்சேன்னு சிரிச்சேன். "டிக்கெட் சார்"ன்றா. நான் யாரு தெரியுமா, சுபேதார் பேரன்னேன். "தெரியும் சார், டிக்கெட் எடுங்க"ன்றா. வண்டி பூரா பாக்குது. அபராதம் கட்ட வெச்சிட்டுத்தான் போனா. அதை நான் மனசுல வெச்சிக்கல. நீங்க அப்படி நெனைக்கக் கூடாதுன்னுதான் மொதல்லயே சொல்லிடறேன்.

கமிட்டிக் கூட்டம் ஸ்கூல்ல நடக்குது. ஊர்ப் பெரிய மனுசங்க எல்லாம் பசங்க குந்தற பெஞ்சுல முட்டிய மடக்கிக்கினு குந்தியிருக்காங்க. இவ கையில ஒரு துண்டுல எதையோ சுத்தி எடுத்துக்கினு வந்தா. மேசைமேல வெச்சுப் பிரிச்சா. வட்டமா, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதா, கனமான வெண்கலத் தகடு. அதுல ஒரு பொம்பளை நிக்கறா, கையில மாலை, காலாண்ட ஒரு சிங்கம். தீப்பெட்டி லேபிள் மாதிரி. ஓரத்துல இங்கிலீஷ் எழுத்து. பக்கத்துல ஆசீர்வாதம்னு பேரு.

"எங்க கொள்ளுத் தாத்தா ஆசீர்வாதம். டோலி தூக்கப் போனாரு"ன்னு சொன்னா. "சண்டையில அடிபட்டவங்களைத் தூக்கிக்கினு வர வேலை. அவரு பொண்டாட்டிக்கு இதுதான் வந்துது. ஆளு வரலை."

சொல்லிட்டு நின்னா. அழல, கத்தல. டிக்கெட் கேக்கற அதே குரலு.

நான் சொன்னேன், இந்தாம்மா, டோலி தூக்கறவன் சிப்பாய் ஆயிட மாட்டான். கல்யாணத்துல பந்தல் போட்டவன் மாப்பிள்ளையா? ரெண்டாவது, ஆசீர்வாதம்ன்ற பேரு ஜில்லா பூரா இருக்குது. யாரு ஊட்டுத் தகடோ யாருக்குத் தெரியும்னேன். நியாயமாத்தானே கேட்டேன்?

மலர்க்கொடி அந்தத் தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குது. "ரொம்ப கனமா இருக்குதுக்கா"ன்னுது எஸ்தர்கிட்ட. கோதண்டம் ஒரு பார்வை பாத்தான். கீழ வெச்சிடுச்சு.

அப்பத்தான் பொன்னுரங்கம் வாயத் தொறந்தான். தொண்ணூறு தாண்டின கெழம். சாவுக்குத் தேதி வாங்கிட்டு மறந்துட்டவன். "டேய் தணிகாசலம், உங்க தாத்தன் எப்படிடா பஸ்ராவுல செத்தான்? அவன் பாடைக்கு முன்னாடி எறைச்ச பொரியைப் பொறுக்கித் தின்னவன்டா நானு"ன்றான்.

சிரிச்சானுங்க சார். தபால்காரன் பேரனும் சிரிக்கிறான்.

நான் எழுந்து நின்னேன். "உடம்புதான் திரும்பி வந்துது. உயிரு பஸ்ராவுலயே போயிடுச்சு. கல்லுல இன்னா எழுதியிருக்குது? செத்தாங்கன்னா எழுதியிருக்குது? உயிர விட்டாங்கன்னு எழுதியிருக்குது"ன்னேன். அவனுங்களுக்கு எங்க புரியும்.

உங்களுக்குப் புரியும், படிச்சவரு. எங்க தாத்தா திரும்பி வந்தப்போ எங்கப்பா பொறக்கவே இல்ல. அப்புறம்தான் பொறந்தாரு. எங்கப்பா சொல்லுவாரு, நல்லாத்தான் இருப்பாராம், ஏரு ஓட்டுவாராம், சந்தைக்குப் போவாராம். இடி இடிச்சா ஒண்டிதான். மண்வெட்டிய எடுத்துக்கினு ஊட்டுப் பின்னால ஓடுவாராம். குழி தோண்டுவாரு. தோண்டி, பொண்டாட்டி புள்ளைங்களை எல்லாம் அதுக்குள்ள தள்ளிட்டு, அவரு மேல மழையில நிப்பாராம். மழை வுடற வரைக்கும் நிப்பாராம். எங்கப்பா அந்தக் குழிக்குள்ள இடுப்புத் தண்ணியில நின்னிருக்காரு. ஊர்க்காரன் குழிக்காரன் ஊடுன்னு பேரு வெச்சிட்டான். எங்க அத்தைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது வந்தவங்க, எந்த ஊடு, குழிக்காரன் ஊடான்னு கேட்டுட்டு தண்ணி குடிக்காம போனாங்க. சுபேதார் ஊடுன்னு நாங்களா சொல்லிச் சொல்லித்தான் இப்ப நெலைச்சிருக்குது. ஏன், பட்டாளத்துல சிப்பாய்னா ஊர்ல சுபேதார்னு சொல்லக் கூடாதா? இந்த ஊர்ல கம்பவுண்டர டாக்டருன்னு கூப்பிடல? கூப்பிட்டா போச்சு.

அந்த எஸ்தர் இன்னா சொன்னா தெரியுமா? அவ்வளவு பேரு மத்தியில. "சார், நாப்பத்திரண்டு பேரும் போட கல்லுல இடம் இருக்குது. போனவங்கள்ல மொதப் பேரா உங்க தாத்தா பேரைப் போடுங்க. அவரு பட்டது எல்லாருக்கும் தெரியும். செத்தவங்கள்ல எங்க ஆளு பேரு. நான் கேக்கறது அவ்வளவுதான்"ன்னா.

பிச்சை போடறா சார் எனக்கு. போனவங்கள்ல ஒருத்தராம். போறதுக்கு இன்னா, திருப்பதிக்குக்கூடத்தான் போறான். நான் முடியாதுன்னுட்டேன். அஞ்சாவது பேரு சுபேதார் பரசுராமன். இல்லைன்னா நான் கமிட்டியில இல்ல, கல்லுக்குப் பணம் தரச் சொல்லி நான் சேத்து வெச்ச ஆளுங்களும் இல்ல.

கோதண்டம் எப்பவும் ரெண்டு பக்கமும் தலையாட்டறவன். "காலனிக்குத் தனியா ஒண்ணு பாத்துக்கலாம்மா, அப்புறமா"ன்னான். அப்புறமான்னா எப்பன்னு அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ தகட்டைத் துண்டுல சுத்தினா. எங்கிட்ட வந்தா. "உங்க தாத்தாவை யாரோ தூக்கிக்கினு வந்துதான் சார் காப்பாத்தியிருப்பாங்க"ன்னு சொன்னா. மெதுவாத்தான் சொன்னா. போயிட்டா. இன்னா திமிரு பாருங்க.

கல்லு வந்துது. இங்க நிறுத்தினோம். திறப்பு விழாவுக்கு கலெக்டர் வரணும்னேன். கோதண்டம் எங்கெங்கயோ போயி அலைஞ்சு கடைசியில ரிடையரான ஒரு கர்னலப் புடிச்சிக்கினு வந்தான். கர்னலுன்னா முறுக்கு மீசை, நெஞ்சு நிறைய மெடலுன்னு நான் நெனைச்சா, கார்லேர்ந்து வெள்ளைப் புடவை கட்டிக்கினு ஒரு அம்மா எறங்குது. ராணுவ ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து கர்னல் ஆனவங்களாம். ஊசி போடறவங்களுக்கெல்லாம் கர்னலு குடுத்தா நாடு உருப்படுமா? சரி, வந்துட்டாங்க. மேளம், பேனரு, சாமியானா, மைக் செட்டு. கல்லுமேல பச்சைத் துணி போட்டு மூடி, குறுக்க ரிப்பன் கட்டியிருக்குது. மலர்க்கொடி கையில தட்டு, தட்டுல கத்திரிக்கோல். ஊரே நிக்குது. நான் வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. எங்க தாத்தாவுக்குன்னு தனியா ஒரு ரோசா மாலை வாங்கி வெச்சிருந்தேன்.

அந்தம்மா மைக்கைப் புடிச்சாங்க. நல்லாத்தான் பேசினாங்க. அப்புறம் கேட்டாங்க, "முதல் உலகப் போர்ல இறந்தவங்க குடும்பத்துக்கு வெண்கலத்துல ஒரு வட்டத் தகடு அனுப்புவாங்க. அதுல பேர் மட்டும்தான் இருக்கும், பதவி இருக்காது. ஜெனரலா இருந்தாலும் சரி, டோலி தூக்கினவரா இருந்தாலும் சரி, ஒரே தகடுதான். இந்த அஞ்சு குடும்பத்துல யார்கிட்டயாவது இருந்தா கொண்டுவாங்க. முதல்ல அதுக்கு மாலை போட்டுட்டு அப்புறம் ரிப்பன் வெட்டலாம்"னாங்க.

கோதண்டம் என்னைப் பாக்கறான். நான் கோதண்டத்தைப் பாக்கறேன். மத்த மூணு ஊட்டுக்காரனும் கீழ பாக்கறான். நான் சமாளிச்சேன், "அந்தக் காலத்துல பஞ்சம்மா, எல்லாம் அடகுக்குப் போயிடுச்சு"ன்னேன். அஞ்சு வீட்டுலயுமான்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

அந்தக் கெழம் பொன்னுரங்கம் சும்மா இருக்கணுமே. டீக்கடை பெஞ்சுல குந்திக்கினு, "ஒரு ஊட்டுல இருக்குது. காலனியில"ன்னான். அவ்வளவு வயசுலயும் அந்தக் குரலு போயிச் சேருது பாருங்க.

கோதண்டம் போன் போட்டான். எஸ்தர் வந்தா. டூட்டிக்குக் கெளம்பியிருக்கா போல, கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கா. கை வெறுங்கை. கோதண்டம் இளிச்சிக்கினு போயி, "எங்கம்மா தகடு, எடுத்தாரலயா?"ன்றான்.

"அது அரிசிப் பானைக்கு மூடிங்க. எடுத்தா எலி பூந்துடும்"ன்னா.

"கொஞ்ச நேரந்தாம்மா. மாலை போட்டுட்டுக் குடுத்துடுவோம்."

"ஒருதரம் கொண்டாந்தேன் இல்ல. போதும்"னா. கோவமாக்கூடச் சொல்லல. செல்லாத டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கற மாதிரி சொன்னா.

ஊரு கேக்கும்போது குடுத்தா இன்னா குறைஞ்சிடும்? நாங்க வேணாம்னப்போ கொண்டாந்தா, வேணும்ன்றப்போ மாட்டேன்றா. இதுங்களுக்கு நேரம் காலம் தெரியாது.

கர்னலம்மா மேடையிலேர்ந்து எறங்கி அவகிட்ட வந்தாங்க. "நான் உங்க வீட்டுக்கு வந்து பாக்கலாமாம்மா?"ன்னு கேட்டாங்க.

எஸ்தர் அவங்க காலைப் பாத்தா. "வாங்க. செருப்ப ஒண்டி வாசல்ல விடணும்"னா.

கெளம்பிட்டாங்க சார். காரு வேணாம்னுட்டு நடந்தே. ரோட்டைத் தாண்டி அந்த ஏரிக்கரை மேல. பின்னாலயே மலர்க்கொடி போகுது. கோதண்டம் "ஏய், எங்க போற"ன்றான். திரும்பிக்கூடப் பாக்கல. கையில தட்டோட போகுது, கத்திரிக்கோலோட. பின்னால பொம்பளைங்க, அப்புறம் ஸ்கூல் பசங்க, அப்புறம் மேளக்காரன். கடைசியா கோதண்டமும் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு ஓடறான், போட்டோவுல அவன் இல்லாம போயிடுவானே. எங்க தெரு ஆளுங்க நிறைய பேரு அன்னிக்குத்தான் காலனிக்குள்ள மொத மொதல்ல காலு வெச்சாங்க. பாக்கணும் அந்தக் கூத்தை. பானை மூடியப் பாக்க ஊர்வலம்.

அங்க நடந்ததை கோதண்டம்தான் வந்து சொன்னான். எஸ்தர் அரிசிப் பானை மேலேர்ந்து அதை எடுத்து, முந்தானையால துடைச்சுக் குடுத்தாளாம். கர்னலம்மா பேரை எழுத்துக் கூட்டிச் சத்தமாப் படிச்சாங்களாம். நிமிர்ந்து நின்னு சல்யூட் அடிச்சாங்களாம். பானை மூடிக்கு சல்யூட்டு. மலர்க்கொடி எஸ்தர் கையப் புடிச்சிக்கினு, ரெண்டாவது கல்லு பஞ்சாயத்துச் செலவுல வெக்கறேன், நானே கையெழுத்துப் போடறேன்னுச்சாம். கோதண்டம் இதைச் சொல்லும்போது அவன் மூஞ்சியப் பாக்கணுமே. பொண்டாட்டிக்குத் தானாவே கையெழுத்துப் போடத் தெரியும்னு அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

வெச்சாங்களான்னு கேக்காதீங்க. வெச்சாங்க. காலனி முனையில. நான் போயிப் பாக்கல.

அன்னிக்கு இங்க நான் ஒண்டி நிக்கறேன் சார். சாமியானா, காலி நாற்காலிங்க, டீக்கடை பெஞ்சுல அந்தக் கெழம். நடக்க முடியாததால அவன் போகல, இல்லைன்னா அவனும் போயிருப்பான். மைக் செட்டுக்காரன் வயரைச் சுருட்டிக்கினு இருக்கான். நல்ல நேரம் முடியப் போகுது. கத்திரிக்கோலு இல்ல. நான் ரிப்பனைப் பல்லால கடிச்சு அவுத்தேன். துணிய இழுத்தேன். எங்க தாத்தா பேரு தெரிஞ்சுது. வெயிலுக்கு அந்த எழுத்து எப்படி மின்னிச்சு தெரியுமா. மாலையக் கல்லுமேல சாத்தினேன். அது ஒருத்தருக்குன்னு வாங்கின மாலை, அஞ்சு பேரு மேலயும் உழுந்துடுச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்.

மைக் செட்டுக்காரன், "பேசறதா இருந்தா பேசிடுங்க சார், கழட்டணும்"னான்.

பேசினேன். எழுதி வெச்சிக்கினு வந்ததெல்லாம் மறந்து போச்சு. சாத்தமேட்டு மக்களே, இது சுபேதார் பரசுராமன் கல்லு, திரும்பி வாங்கன்னு பேசினேன். பஸ்ராவுல உயிர விட்டவருன்னேன். அந்த ஊர்ல வெயில் எப்படி, தண்ணி எப்படின்னு எங்கப்பா சொன்னதெல்லாம் பேசினேன். இடி இடிச்சா புள்ளைங்களை ஒளிச்சு வெச்சிட்டு தான் ஒருத்தரா மழையில நிப்பாருன்னுகூடச் சொல்லிட்டேன். அதை ஏன் சொன்னேன்னு தெரியல. எவ்வளவு நேரம் பேசினேன்னும் தெரியல. மைக் செட்டுக்காரன் வயரை வெச்சிட்டு ஒரு நாற்காலியில குந்திட்டான். கெழவன் துண்டை எடுத்து மூஞ்சியத் துடைச்சிக்கினான். வெயிலு.

ஒருத்தனும் திரும்பி வரலை. கர்னலம்மா அங்கேருந்தே காரை வரச் சொல்லிப் போயிட்டாங்க.

ஆனா கேட்டிருக்குது சார். ஒலிபெருக்கி ஏரிக்கரையப் பாத்து கட்டியிருந்துச்சு. காலனி வரைக்கும் தெளிவாக் கேட்டுதாம். கர்னலம்மா காபி குடிச்சிக்கினு இருந்தவங்க, தம்ளரைக் கீழ வெச்சிட்டு, யாரும்மா அது, தனியாப் பேசிட்டிருக்கறதுன்னு கேட்டாங்களாம். அத்தினி பேரும் சிரிக்கறதுக்கு வாயத் தொறந்தானுங்களாம். எஸ்தர்தான் முந்திக்கினு பதில் சொன்னாளாம். "எங்க ஊரு சுபேதார் பேரன்"னு சொன்னாளாம்.

சொன்னா பாத்தீங்களா. அவ வாயாலயே. சுபேதாருன்னு.